முப்பத்தொன்பது பேருக்கு ஒரே குணம்

எதையும் ஆற அமரச் செய்யத் தெரியாத ஆள் நான். ஒரு வாய் இட்லியை விழுங்குவதற்குள் கை கழுவ எழுந்துவிடுவேன். இளவயதில் இதற்கு நானே ‘துடிப்பு’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். (வீட்டில் வைத்திருந்த பெயர் வேறு.) அந்தத் துடிப்பால் ஒரு மாணவனுக்குச் செய்த அநியாயத்தை இப்போது எழுபத்திரண்டு வயதில் எழுதுகிறேன்.

1989. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் நான் உளவியல் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இரண்டு முறை கெடு நீட்டி வாங்கி, மூன்றாவது முறை கேட்க முகமில்லாமல் திரிந்த காலம். என் ஆய்வுத் தலைப்பு: ‘ஆனர்ஸ் மாணவர்களின் ஆளுமைப் பண்புகளும் புதுமை படைக்கும் திறனும்’. எங்கள் கல்லூரியில் அறிவியல் படிப்பவர்களில் மதிப்பெண்ணில் முதல் நாற்பது பேரைத் தனியாகப் பிரித்து ‘ஆனர்ஸ் பேட்ச்’ என்று வைத்திருந்தார்கள். அதில் ஒருவரைக் கோடை விடுமுறையில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இரண்டு மாதம் பெரிய விஞ்ஞானிகளோடு வேலை. அந்த ஒரு இடத்துக்காக நாற்பது பேரும் தூக்கத்தில்கூடப் படித்தார்கள்.

நான் முதல்வரிடம் போனேன்.

“மார்க்கை மட்டும் பார்த்தாப் போதுமா சார்? ஆளைப் பார்க்க வேண்டாமா?”

“யார் பார்க்கறது?”

“நான் பார்க்கறேன் சார்.”

தேர்வில் பாதி என் கையில் வந்தது. என் வினாத்தாளில் நூறு கேள்விகள், ஆம்-இல்லை வகை. கடைசியில் ஒரு பெரிய கேள்வி: ‘ஒரு பழைய சைக்கிள் டியூபை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம்?’ திங்கட்கிழமை வகுப்பில் போய் அறிவித்தேன்.

“புதன்கிழமை வைக்கப் போறேன். இது பரீட்சை இல்லை. சரியான விடை, தப்பான விடைன்னு எதுவும் கிடையாது. மனசுல பட்டதை எழுதினாப் போதும்.”

நாற்பது முகமும் வெளிறியது. குமரேசன் எழுந்தான். எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்குகிற பையன்.

“சார், அப்போ எந்த புக்கைப் படிக்கணும்?”

நான் சிரித்தேன். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். எங்கே நேரம்? சாயங்காலமே கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, கடைக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தேன்.

“இன்னா சார், செமஸ்டரா, மாடலா?” என்றார் கடைக்கார மணி.

“ரெண்டும் இல்லை. அதைவிட முக்கியமானது. ஆனர்ஸ் பேட்சுக்கு.”

“அப்டி சொல்லு சார்!” என்று இன்னொரு கட்டுத் தாளை மெஷினில் வைத்தார். கல்லூரி வாசலில் இருக்கும் எந்த ஜெராக்ஸ் கடையும் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் என்பது அந்த வட்டாரத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மனித மனதை ஆராய்ந்த எனக்குத் தெரியாது.

புதன்கிழமை எழுதினார்கள். வீட்டில் உட்கார்ந்து திருத்தப் பொறுமையில்லாமல், தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் மின்சார ரயிலில் போய் வந்துகொண்டே திருத்தினேன். திருத்துவது என்றால் படிப்பது அல்ல. ஓட்டை போட்ட அட்டை ஒன்று வைத்திருந்தேன். அதை விடைத்தாள் மேல் வைத்து, ஓட்டை வழியாகத் தெரியும் டிக்குகளை எண்ணினால் ஆளுமை தயார். டியூபுக்கு எத்தனை வரி என்று மட்டும் பார்ப்பது. ஒரு மனிதனுக்கு ஒன்றரை நிமிடம். (பல்லாவரம் வருவதற்குள் நான்கைந்து பேரை முடித்துவிடுவேன்.)

முப்பத்தொன்பது பேர் ஏறக்குறைய முழு மதிப்பெண். ஒரே ஒருவன் கடைசி: தேவராஜ். பல்லாவரத்துப் பையன். இயற்பியல் ஆய்வகத்தில் ரிப்பேரான கருவி எல்லாவற்றையும் அவனிடம்தான் கொடுப்பார்கள். பெங்களூருக்கு அவன்தான் போவான் என்று ஆய்வக உதவியாளர்கள் பேசிக்கொண்டார்கள். என் அட்டையின் ஓட்டையில் அவன் தெரியவில்லை. ‘புதுமை படைக்கும் திறன்: மிகக் குறைவு’ என்று எழுதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன்.

அடுத்த வாரம் கல்லூரியில் என் ஆய்வு பற்றிக் கருத்தரங்கம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை வந்திருந்தார். ஆனர்ஸ் பேட்ச் முழுக்க முன் வரிசைகளில். நான் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, இந்த நாட்டின் எதிர்காலமே இந்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேரிடம் இருக்கிறது என்று முழங்கிக்கொண்டிருந்தேன். பேராசிரியை ஒரு தப்பு செய்தார். விடைத்தாள்களைப் படித்துவிட்டார்.

“ஒரு நிமிஷம். டியூபுக்கு ஏழாவது பயன், ‘மாமனார் வீட்டு மாட்டுக்குக் கழுத்துப்பட்டை’. முப்பத்தொம்பது பேரும் எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் ஏழாவதுதான். இத்தனை பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?”

அரங்கம் சிரித்தது.

“இந்தத் தேவராஜ் யாரு? மூணே மூணு எழுதியிருக்கார். மூணுக்கும் படம் வரைஞ்சு, அளவும் போட்டிருக்கார். தம்பி, நீங்க ஏன் மாமனார் மாட்டை விட்டுட்டீங்க?”

தேவராஜ் எழுந்தான்.

“மத்தவங்களுக்கு எழுதிக் குடுத்ததையே நானும் எழுதினா நல்லா இருக்காது இல்ல மேடம்?”

“எல்லாருக்கும் நீங்களா எழுதினீங்க?”

“ஜெராக்ஸ் கடையில பேப்பர் கிடைச்சுது மேடம். ‘மச்சான், நல்ல குணமா வர்றதுக்கு எதுல டிக் போடணும்’னு கேட்டாங்க. போட்டுக் குடுத்தேன். ஆளுக்கு ஒரு குணமாத்தான் தரலாம்னு இருந்தேன். சார் டைமே குடுக்கல. ரெண்டு நாள்ல வெச்சுட்டாரு.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நடந்தது வேடிக்கை.

முதல்வர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். பேராசிரியையும் இருந்தார். “இந்தப் பையனைத்தான் அனுப்பணும். உங்க மார்க்கைத் தள்ளுபடி பண்ணிடலாமா? தப்பு நடந்துபோச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும்” என்றார் முதல்வர்.

இரண்டு வரி. எழுதினால் என் அட்டவணைகள் எல்லாம் குப்பை. இந்த வருடமும் பட்டம் இல்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். பிறகு சொன்னேன்: “விஞ்ஞான முறைன்னு ஒண்ணு இருக்கு சார். முடிவு பிடிக்கலைன்னு நடுவுல மாத்தக் கூடாது.”

நான் வாழ்க்கையில் பேசிய மிகக் கம்பீரமான வாக்கியம் அதுதான். பேராசிரியை பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். குமரேசன் பெங்களூர் போனான். (அங்கிருந்து வாராவாரம் தேவராஜுக்கு இன்லண்ட் லெட்டர் போட்டானாம்: ‘மச்சான், இங்க என்ன சொன்னா சந்தோஷப்படுவாங்க?’)

ஒரு மாதம் தூக்கம் வரவில்லை. என் மனைவி சாந்தா பொறுக்க முடியாமல், “போய் உங்க தப்பைச் சொல்லிட்டு வந்துடுங்க, நானும் வரேன்” என்று பல்லாவரத்துக்கு இழுத்துப் போனாள். தேவராஜ் நாற்காலி போட்டான், கலர் சோடா வாங்கி வந்தான். நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். விமானங்களின் சத்தத்தைப் பற்றிப் பேசினேன். பெங்களூரில் குளிர் அதிகம் என்றுகூடச் சொன்னேன். கடைசியில் அவனே ஆரம்பித்தான்.

“சார், உங்க பேப்பர்ல அறுபத்து மூணாவது கேள்வி ஞாபகம் இருக்கா? ‘தவறு செய்தால் உடனே ஒப்புக்கொள்வீர்களா?’ அதுக்கு நீங்க எதுல டிக் போடுவீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் எழுந்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா” என்றேன்.

அவன் பிறகு பெரிய விஞ்ஞானி ஆனான் என்று எழுதினால் எனக்குச் சௌகரியம். அப்படி எதுவும் தெரியாது. ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தான் என்பதுவரை தெரியும். எனக்குப் பட்டம் கிடைத்தது.

அன்று பல்லாவரத்திலிருந்து இருவரும் திரும்பினோம். வீட்டுக்கு வந்து நான் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்திருப்பதைக் கண்டு, ‘பல்லாவரத்தில் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள்’ என்றேன். சாந்தா நிதானமாகக் கேட்டாள்: “அறுபத்து மூணு?”

அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் அந்த எண் ஓய்ந்தபாடில்லை. பால் பொங்கினால், கேஸ் புக் செய்ய மறந்தால், மாப்பிள்ளையின் பெயரை மாற்றிக் கூப்பிட்டால், ஏதாவது ஒரு அறையிலிருந்து “அறுபத்து மூணு!” என்று குரல் வரும். பேத்திக்கு அது என்ன கேள்வி என்றுகூடத் தெரியாது. தாத்தா முழிக்கிறார் என்பது தெரியும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து, “ஆமாம், என் தப்புதான்” என்று உடனே சொல்லிவிடுவேன். இப்போதெல்லாம் அது எனக்குச் சுலபமாக வருகிறது. சொல்ல வேண்டியவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லியாயிற்று.