வியாழக்கிழமைக் கார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். காரும் இன்று காலை நிலவரப்படி நலம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நான் போனை எடுத்தால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இது அவள் பக்கத்தில் இல்லாதபோது சொல்ல வேண்டிய விஷயம்.

விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது செய்தி எழுதியவனின் பழக்கம். இந்த முறை நலம் விசாரித்ததில் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. அந்தக் காரை விற்றுவிட வேண்டும். விற்கச் சொல்லி நீங்கள்தான் உங்கள் அத்தையிடம் பேச வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் அதிகம் பேசாதவர்; ஆகவே நீங்கள் வாயைத் திறந்தால் அதில் ஏதோ இருக்கும் என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கையை ஒரே ஒரு முறை எனக்காகச் செலவு செய்யக் கேட்கிறேன்.

கார் எதற்காக வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். உங்கள் பெரியத்தை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. வியாழக்கிழமை அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கு லீவு. அன்றைக்கு அக்காவோடு தான் இருக்க வேண்டும் என்பது உங்கள் அத்தையின் முடிவு. பஸ்ஸில் என்றால் வழியில் மாறி, அங்கிருந்து மறுபடி மாறி, இறங்கி நடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் திரும்புகிற நேரம் வந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை இருவரும் அப்படிப் போய்க்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீங்கள், "பழைய ஹைப்ரிட் ஒண்ணு பாருங்க மாமா, பாதி பெட்ரோல், பாதி கரண்ட், மெயின்டனன்ஸே இருக்காது" என்றீர்கள். கடைசி இரண்டு வார்த்தைகளை நான் குறையாகச் சொல்லவில்லை. பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன். காரை விற்றால் வியாழக்கிழமையும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

விற்றவர் ஒரு பல் டாக்டர். நான் என் வழக்கப்படி அவரிடம் நிறையக் கேட்டேன்: ஏன் விற்கிறீர்கள், வேறு யார் ஓட்டினார்கள், எங்காவது இடித்திருக்கிறதா. உங்கள் அத்தை எதுவும் கேட்கவில்லை. எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து ஒருமுறை மூடிப் பார்த்தாள். கடைசியில் நான், "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றேன்.

"ஸ்டார்ட்லதான் சார் இருக்கு."

"சத்தமே வரலையே?"

"அதுதான் சார் இதுல விசேஷம். ஒண்ணுமே தெரியாது."

பல் பிடுங்குவதற்கு முன்பும் இவர் இதையேதான் சொல்வார் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பியிருந்தாள். பேரம் அந்த இடத்தில் முடிந்தது.

வீட்டுக்கு நான்தான் ஓட்டிவந்தேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு இறங்கினோம். கார் கீச் கீச்சென்று ஒரு ஒலி எழுப்பியது. விடைகொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டோம். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாட்ச்மேன் போன் செய்தார். "சார், உங்க வண்டி தானா ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச நேரம் உறுமுது. அப்புறம் தானா நிக்குது. உள்ள பாத்தேன், ஆள் இல்ல." நான் போய்ப் பார்த்தபோது அவர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நடந்தது இதுதான்: நான் வண்டியை அணைக்கவே இல்லை. அது சத்தமில்லாமல் விழித்திருந்து, பேட்டரி குறையும்போதெல்லாம் இன்ஜினைத் தானே கிளப்பி நிரப்பிக்கொண்டிருக்கிறது. இதை நான் வாட்ச்மேனுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம யாரும் தேவையில்லைங்குது" என்றார். அன்றிலிருந்து அவர் நாற்காலி மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதிலிருந்து நான் பாடம் கற்றேன் என்பதுதான் அடுத்த தொல்லைக்குக் காரணம். கார் அணைந்திருக்கிறதா என்று தினமும் சாயங்காலம் இறங்கிப்போய் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பார்ப்பேன். அணைந்திருந்த கார் அமுக்கியதும் பாதி விழித்துக்கொள்ளும். ரேடியோ, திரை எல்லாம் உயிர்பெற்று, மற்றது தூங்கும். நான் திருப்தியாக மேலே வந்துவிடுவேன். ஒரு காலை கதவே திறக்கவில்லை. மெக்கானிக் வந்தார். "பெரிய பேட்டரி நல்லா இருக்கு சார். சின்ன பேட்டரி செத்துப்போச்சு" என்றார். இந்தக் காரில் இரண்டு இருக்கிறதாம். வண்டியை இழுக்கிற பெரியது பின்சீட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கதவு, விளக்கு, ரேடியோவுக்கு ஒரு சின்னது. "அவ்வளவு பெரிசு, பக்கத்துல இருக்கிற சின்னதுக்குக் கொஞ்சம் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "குடுக்கும் சார். ஆனா சின்னதுதான் பெரிசை எழுப்பணும்." எனக்கு இதில் வியப்பில்லை. எங்கள் பத்திரிகை அலுவலகமும் அப்படித்தான் நடந்தது.

இப்போது ஓட்டுவதைப் பற்றி. பயணம் முடிந்ததும் இந்தக் கார் திரையில் மார்க் போடுகிறது, மாப்பிள்ளை. மெதுவாக, இன்ஜினை எழுப்பாமல் கரண்டிலேயே ஓட்டினால் மார்க் கூடும். நான் தொண்ணூற்றேழு எடுத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட எடுத்ததில்லை. அந்தப் பயணத்தின்போது நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இரண்டாவது முறை அவர் எங்களுக்கு முன்னால் இருந்தார். பெரியத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர், "பஸ்லயா வந்தீங்க?" என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து உங்கள் அத்தை ஓட்டுகிறாள். அவள் மார்க் ஐம்பது, அறுபது என்று போகிறது. திரையைப் பார்ப்பதே இல்லை. சாலையைத்தான் பார்க்கிறாள்.

நான் பக்கத்து சீட்டுக்கு மாறினேன். என் காலடியில் பிரேக் இல்லை என்பதை அறிவேன், இருந்தும் மிதித்தேன். "இன்னும் ரெண்டு மிதி மிதிச்சா கார்ப்பெட் ஓட்டையாகி ரோட்டுல கால் வைக்கலாம்" என்றாள். தவிர, அந்தத் திரையில் அம்புக்குறிகள் ஓடும். பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு, இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு, பிரேக் பிடித்தால் சக்கரத்திலிருந்து திரும்பப் பேட்டரிக்கு. ஓட்டுகிறவர் கவனிக்க முடியாதே என்று நான் அவ்வப்போது வாசித்துச் சொன்னேன். ஒரு திருப்பத்தில், "இப்ப ரெண்டும் சேர்ந்து சக்கரத்துக்குப் போகுது" என்றபோது அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"ஒண்ணு நான் ஓட்டணும், இல்ல நீங்க நியூஸ் வாசிக்கணும். ரெண்டும் ஒரே வண்டியில முடியாது."

இரண்டில் எது அவசியம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கடுத்த வியாழனிலிருந்து அவள் தனியாகப் போகிறாள்.

அன்று நான் வீட்டில் பேப்பர் படிக்கிறேன். எவ்வளவு நிதானமாகப் படித்தாலும் பத்தரைக்கு முடிந்துவிடுகிறது. சாப்பிட்டு, தட்டைக் கழுவி, கீழே போய் வாட்ச்மேனிடம் பேசுகிறேன். அவருக்கு வேலை இருக்கிறது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

சரி, பெரிய சம்பவத்துக்கு வருகிறேன். என் அறையில் நான் எழுதிய செய்திகள் வந்த பழைய பேப்பர்கள் கட்டுக்கட்டாக இருப்பது உங்களுக்குத் தெரியும். அதை எடைக்குப் போடச் சொல்லி உங்கள் அத்தை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரியென்று எல்லாவற்றையும் தூக்கிக் காரின் பின்சீட்டில் அடுக்கினேன். எடைக்கடை வாசல்வரை ஒருநாள் போனேன். கடை திறந்துதான் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். கட்டுகள் காரிலேயே இருந்தன. வீட்டில் இல்லை என்பதால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நடுவழியிலிருந்து போன் வந்தது.

"கார் நின்னுபோச்சு."

"எங்க?"

"ரோட்டுலதான். வேற எங்க நிக்கும்?"

"திரையில என்ன போட்டிருக்கு? வாசி."

"ஓ, இப்ப மட்டும் வாசிக்கணுமா?"

சிவப்பு முக்கோணம், அதன் கீழே ஹைப்ரிட் சூடாகிவிட்டது என்று ஒரு வரி. ஹைப்ரிட்டே தப்பு, அந்தப் பல் டாக்டர் தப்பு, மாப்பிள்ளை சொன்னதை அப்படியே கேட்டதும் தப்பு என்று நான் இங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன் (உங்களைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்). அவள் போனை சீட்டில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்திருக்கிறாள். கட்டுக்குப் பின்னால் ஏதோ இரைகிற சத்தம். ஒரு கட்டை இழுத்திருக்கிறாள். பின்சீட்டின் ஓரத்தில் பெரிய பேட்டரி மூச்சுவிட ஒரு சின்னச் சல்லடை இருக்கிறதாம். உள்ளே ஒரு ஃபேன் காற்றை இழுக்கிறதாம். அந்தச் சல்லடையில் பழைய பேப்பரின் ஒரு பக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நகராட்சிக் கழிவுநீர் பற்றி நான் எழுதிய தொடரின் நாலாம் பாகம். "உங்க கட்டுரைதாங்க மூச்சுமுட்ட வச்சிருக்கு" என்றாள். அந்தத் தொடருக்கு வாசகர்களிடமிருந்து பலவிதக் கடிதங்கள் வந்ததுண்டு. இப்படி ஒரு குறையை யாரும் எழுதியதில்லை.

கட்டுகளை முன்சீட்டுக்கு மாற்றி, சூடு ஆறும்வரை சாலையோரத்தில் காத்திருந்து, மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறாள். பெரியத்தை அதுவரை சாப்பிடவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாராம். அன்று ராத்திரி உங்கள் அத்தை எனக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மெக்கானிக் ஃபேனைச் சுத்தம் செய்தார். கட்டுகள் என் அறைக்குத் திரும்பிவிட்டன. இப்போது காரில் ஒரு குறையும் கிடையாது. இதை நான் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. போகும்போது மெக்கானிக், "விக்கிறதா இருந்தா சொல்லுங்க சார், நானே எடுத்துக்கறேன்" என்றார். நல்ல சந்தர்ப்பம் என்று வீட்டில் சொன்னேன். "அவரே கேக்குறாருன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றாள். இந்த மாதிரி வாதம் செய்கிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. அக்காவுக்குச் சாப்பாடு கொடுத்து, தலை வாரிவிட்டு, ரெண்டு பேரும் மணிக்கணக்கா பேசி, இருட்டினப்புறம் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வர்றா. என்ன பேசினீங்கன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்கிறாள். சும்மா பேசுவதற்குப் பஸ்ஸே போதும் என்பது என் தாழ்மையான கருத்து. பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். யாரும் யாரையும் ஓட்டவில்லை.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்து, நடுவில் எதேச்சையாக வருவதுபோல், "இந்த மாடல் கொஞ்ச நாள்ல விலை இறங்கிடும் அத்தை, இப்பவே குடுத்துடுங்க" என்று சொல்லிவிடவும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். என் பெண் நேரத்துக்குச் சாப்பிடட்டும். நீங்கள் இருவரும் எந்தக் குறையுமின்றி நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: நான் எதை எழுதினாலும் முதலில் படித்துப் பார்ப்பவள் உங்கள் அத்தை. கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். கைப்பழக்கத்தில் இந்தக் கடிதத்தையும் அவளிடமே நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். பல் டாக்டர் இடத்தில் சிரித்தாள். "நல்லா வந்திருக்கு. போட்டுருங்க" என்றாள். பிறகு, "இவ்வளவு பக்கம் எழுதுனதுக்கு, 'நானும் வர்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சட்டையை மாத்துங்க" என்றாள். இன்று வியாழக்கிழமை. பின்சீட்டில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வந்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள்.

பெரியத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். ஏரிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று தானாகவே கேட்டார். விழுந்ததிலிருந்து அவர் வெளியே போகக் கேட்பது இதுதான் முதல் தடவை. சமையலறைக் குழாயைச் சரிசெய்ய ஆள் வருவதாக இருந்தது. "வீட்டுல ஒருத்தராவது இருக்கணுமே" என்றார். அக்காவும் தங்கையும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். இதை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுதுகிறேன். அவர்கள் போய் வெகுநேரம் ஆகிறது. குழாய்க்காரர் இன்னும் வரவில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடவும். அத்தையிடம் விற்கிற பேச்சையே எடுக்க வேண்டாம். அவர்கள் பின்னால் நான் ஓட்டிக்கொண்டு போக, நல்ல நிலையில் இன்னொரு பழைய கார் உங்கள் பார்வைக்கு வந்தால் எனக்குத் தெரியப்படுத்தவும். அவசரமில்லை, அடுத்த வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் போதும்.