"முதலைங்க" என்றார் மாப்பிள்ளை

இந்த உலகத்தில் எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாத ஒரே பிறவி எங்கள் தராசு அண்ணன்தான். காந்திபுரத்தில் நான் வேலை பார்க்கும் கிரைண்டர் கடையில் அவர் விற்பனையாளர். டேபிள் டாப் கேட்டு வருபவரிடம் டில்டிங் கிரைண்டரின் பெருமையைப் பேசுவார். வந்தவர் அதற்குச் சம்மதித்தால், "ஆனா மிக்ஸின்னா எடம் கொஞ்சம் போதுமுங்க" என்பார். வந்தவர் குழம்பிப்போய் வெறுங்கையோடு திரும்புவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த வாயாலேயே நாற்பதை நெருங்கியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், முந்தைய வீட்டுக் காபியோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொன்னவர். அப்புறம் யார் பெண் தருவார்கள்?

கடைசியாக உடுமலையில் ஒரு வரன் வந்தது. "இதும் தட்டிப்போச்சுன்னா இனிப் பொண்ணு பாக்கற வேலையே வேண்டாமுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். துணைக்குப் போன நான் பஸ்ஸில் வழியெல்லாம் பாடம் நடத்தினேன். "அண்ணா, அங்க போயி எதையும் எதோடயும் வெச்சுப் பாக்காதீங்க."

"செரீங்க" என்றார் சமர்த்தாக.

பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. மாமாதான் முன்னின்றார். ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் போட்ட சேலையில் பெண் காபி கொண்டு வந்தாள். உள்ளே காய்ச்சலில் படுத்திருந்த சின்னத் தங்கை "அக்கா" என்றதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தாள். மறுபடி குரல், மறுபடி ஓட்டம்.

மாமாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற, "எங்க புள்ள இந்தச் சேலைல நம்ம மாநிலப் பட்டாம்பூச்சி, அந்தத் தமிழ் மறவனாட்டவே இருக்கறாளுங்க" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார். நான் அவர் காலை மிதித்தேன். பலிக்கவில்லை.

"இல்லீங்க. முதலைங்க."

மாமாவின் மீசை துடித்தது. "ஏனுங்க, என்ன பேசறீங்க?"

"அட, கோவிச்சுக்காதீங்க. பட்டாம்பூச்சி அழகுதானுங்க. ஆனா இலைல முட்டைய வெச்சுப்போட்டுப் பறந்துருமுங்க. திரும்பிக்கூடப் பாக்காது. நம்ம அமராவதி டேம் முதலை அப்பிடி இல்லீங்க. குஞ்சு சத்தம் குடுத்தா ஓடியாந்துரும். அத்தன பெரிய வாயில கவ்வித் தண்ணிக்குக் கொண்டுபோவும், ஒரு பல்லுப் படாதுங்க. அம்மணி ஓடுனப்பவே பாத்துப்போட்டேன்."

கதவோரம் நின்ற பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் செருப்பைத் தேடினேன். பார்த்தால் சிரிக்கிறாள், கண்ணிலும் ஈரம்.

"மாமா, எனக்குச் சம்மதமுங்க. ஆனா தங்கச்சியும் என்னோடதான் வருவா."

"அதுக்குத்தானுங்க முதலைன்னேன்" என்றார் அண்ணன்.

இப்போது மூவரும் உடுமலையில் இருக்கிறார்கள். அங்கேயே ஒரு பாத்திரக் கடையில் அண்ணனுக்கு வேலை. எங்கள் கடையில் விற்பனை கூடிவிட்டது, முதலாளி முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எனக்குத்தான் அவர் இல்லாத கடை பிடிக்கவே இல்லை.