உசாரண்ணன் கொடுத்த புகார்

ஏமாற்றுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால், முதல் கூட்டத்திலேயே உசாரண்ணனுக்குக் கண்டனத் தீர்மானம் போடுவார்கள். அந்த அளவுக்கு அவர்கள் தொழிலைக் கெடுத்த மனிதர்.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிச் சம்பாதித்துவிட்டு, கோவையில் எங்கள் அப்பார்ட்மெண்டின் மேல்மாடிக்குக் குடிவந்தவர். எந்தப் பேச்சையும் "எதுக்கும் உசாரா இருங்க" என்றே முடிப்பதால் அந்தப் பெயர். பிறந்த நாள் வாழ்த்துச் சொன்ன பேங்க் பெண்ணிடம், "என்ற பொறந்த நாளு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டு, அந்த நம்பரை சைபர் கிரைமில் புகார் செய்தவர். மாப்பிள்ளை புது நம்பரில் கூப்பிட்டபோது, "மாப்பிள்ளைனு சொன்னா மாப்பிள்ளை ஆயிருவீங்களாங்க? கல்யாணத்தன்னிக்கு எதுக்குக் கோவிச்சுக்கிட்டீங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்றார். பாயசத்தில் முந்திரி இல்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மாப்பிள்ளைக்குப் பேச்சுரிமை கிடைத்தது.

அப்பார்ட்மெண்ட்காரர்கள் சேர்ந்து பாலித் தீவுக்கு டூர் போனோம். கடற்கரைக் கடையில் நான் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தபோது, அண்ணன் புது வண்டிக்குப் பூசை போடுவதுபோல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வீடியோ எடுத்தார். நான் அவரைத் தெரியாதவன்போல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ்போர்ட்ட மட்டும் குடுத்துப்போடாதீங்க கண்ணு. காப்பி குடுத்தாப் போதும்" என்றார்.

நான் நாலு புத்தகம் படித்தவன். மனிதர்களை நம்ப வேண்டும் என்று அவற்றில் எழுதியிருந்தது. கொடுத்தேன்.

கடைசி நாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், கடைக்காரர் மட்கார்டில் ஒரு கீறலைக் காட்டினார். அதற்கு அவர் கேட்ட தொகையில் கோவையில் ஒரு வண்டியே வாங்கிவிடலாம். பாஸ்போர்ட் அவர் டிராயரில். சாயங்காலம் எங்களுக்கு விமானம்.

நாலு புத்தகமும் கைவிட்டதால் அண்ணனுக்குப் போன் செய்தேன். வந்தார், டூரிஸ்ட் போலீஸ்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. "பதட்டத்துல இருக்கறவங்க பேசக்கூடாதுங்க. நான் பாத்துக்கறேன்" என்று என்னை ஓரமாக நிறுத்திவிட்டு, மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து போனை வாயருகே வைத்துக்கொண்டார்.

"அய்யா, இவரு எங்க தம்பி பாஸ்போர்ட்ட எம்புட்டுப் பத்திரமா வெச்சிருக்காரு பாருங்க. ரொம்ப நல்ல மனுசருங்க. இவருக்கு ஒரு மாலை போடோணுங்க."

போனுக்குத் தமிழ் தெரியும். கோயமுத்தூர்க் குசும்பு தெரியாது. அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தது.

அதைப் படித்ததும் போலீஸ்காரரின் முகம் மலர்ந்தது. கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொலைந்த பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக் காத்திருந்த நாணயஸ்தர் என்று நினைத்துவிட்டார். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் படமே எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க, கடைக்காரர் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு சிரித்து, டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

ஏர்போர்ட்டுக்குப் போகக் காத்திருந்த வேனைப் பார்த்து ஓடத் தயாரானேன். அண்ணன் சட்டையைப் பிடித்தார்.

"எங்கீங்க போறீங்க? புகாரு குடுக்க வேண்டாமா?"

"அதான் கிடைச்சிருச்சுங்களேண்ணா. பிளேன் போயிரும்."

"நம்முளுது வந்துருச்சு. நாளைக்கு வாரவங்களுக்கு யாருங்க வீடியோ எடுத்து வெச்சிருக்காங்க?"

உட்கார்ந்தேன். "இப்ப நீங்களே எழுதுங்க. குசும்பு இல்லாம" என்றார். எழுதினேன். அவர் வண்டி எடுத்த அன்றைய வீடியோவைப் போட்டுக் காட்டினார். பாதிக்கு மேல் அவருடைய கட்டைவிரல்தான். விரல் விலகிய ஓரிடத்தில் அந்தக் கீறல் தெளிவாகத் தெரிந்தது, கடலைப் பார்த்தபடி நிற்கும் என் முதுகும். போலீஸ்காரரின் மலர்ந்த முகம் மெல்ல வாடியது. புகாரைப் பதிவு செய்துகொண்டு, கடைக்காரரை இந்த முறை கை குலுக்காமல் கூட்டிப்போனார். விமானத்தில் கடைசியாக ஏறியது நாங்கள்தான். உள்ளே இருந்தவர்கள் பார்த்த பார்வைக்கு அண்ணன் ஒவ்வொரு வரிசையாகக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

போன மாதம் என் போன் நம்பர் மாறியது. எல்லோருக்கும் சொன்னேன், எல்லோரும் பதிந்துகொண்டார்கள், நான்தானா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் மட்டும், "அந்தத் தீவுல எதைக் குடுத்துப்போட்டு முழிச்சீங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

சொன்னேன்.

பிறகு குரல் இளகி வந்தது: "சாப்ட்டீங்களா கண்ணு?"