புரானா லாவ் அண்ணாச்சியும் மூன்றாவது போல்ட்டும்

புரானா லாவ் அண்ணாச்சியிடமிருந்து ஒரு புதுச் சாமானை வாங்குவதைவிட, பூனா ரேஸ் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரையின் காலிலிருந்து லாடத்தைக் கழற்றிக்கொண்டு வருவது சுலபம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் லாரி கம்பெனியில் அவருடைய ஜன்னலுக்கு முன்னால் நின்று திரும்பிய அத்தனை பேரும் நான்கு பாஷைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு இரண்டொரு வருஷம் முந்திய கதை. கிர்க்கியைத் தாண்டி பம்பாய் ரோட்டில் கம்பெனியின் யார்டு. எந்த லாரி எப்போது எங்கே போகிறது என்று எழுதுகிற குமாஸ்தா நான், வேலூர்க்காரன். அண்ணாச்சி ஸ்டோர் கீப்பர்; அம்பாசமுத்திரத்துக்காரர். ஒல்லி உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு பூதக்கண்ணாடி. இருபது வருஷம் பூனாவில் குப்பை கொட்டியும் அவர் கற்றுக்கொண்ட இந்தி மொத்தம் இரண்டே வார்த்தை: "புரானா லாவ்." பழசைக் கொண்டா.

புதுச் சாமான் வேண்டுமென்றால் பழசைக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. இப்படி ஒரு விதி எல்லா ஊர் ஸ்டோர்களிலும் இருக்கும். அதை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி மட்டும் அதை நம்பினார்.

யார்டு பெருக்குகிற அம்மாள் புதுத் துடைப்பம் கேட்டுப் பழசைக் கொண்டுவந்தாள். அதில் ஒன்பது ஈர்க்குச்சி மிச்சம். அண்ணாச்சி எண்ணிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கே?" என்று தமிழில் கேட்டார். தேய்ந்து போய்விட்டது என்று அவள் மராத்தியில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு மராத்தி தெரியாது. ஆனாலும் இருவரும் அரை மணி நேரம் சளைக்காமல் வாதாடினார்கள். கடைசியில் துடைப்பம் கொடுத்தார். பதிவேட்டில் "மீதி யார்டில் கலந்துவிட்டது" என்று எழுதிக்கொண்டார்.

கேட் விளக்கின் பல்பை யாரோ திருடிப் போனபோது நானே சீட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"பழசு எங்கவே?"

"திருடு போயிட்டுது அண்ணாச்சி. எப்படிக் கொண்டு வர்றது?"

"அப்பம் திருடனைக் கொண்டாரும்" என்றார். சிரிக்கவில்லை.

மேனேஜர் ஒரு பார்சிக்காரர். பெரிய மனிதர், அவர் குரல் உயர்ந்தால் நின்றிருக்கும் லாரிகூட நகரும் என்போம். அவர் பியூனை அனுப்பி ஒரு பென்சில் கேட்டார். அண்ணாச்சி பழைய பென்சிலைக் கேட்டார். சீவிச் சீவித் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. "அப்பம் சீவல்?" என்று திருப்பி அனுப்பினார். மேனேஜர் தன் மருமகனின் பேனாவை வாங்கி எழுதிக்கொண்டார் என்பது யார்டு வரலாறு.

எங்கள் யார்டில் ஒரு கிழட்டு டீசல் லாரி இருந்தது. அதற்குத் தாவூத் பாய் டிரைவர். ஆம்பூர்க்காரர், தங்கமான மனிதர், அந்த லாரியிடம் "வாம்மா, போலாம்மா" என்று பேசித்தான் கிளப்புவார். ஒரு நாள் காலை ஸ்டார்ட்டரை அழுத்தியதும் அடியில் கடகடவென்று ஒரு சத்தம். ரிப்பேர் பார்க்கிற மிஸ்திரி குனிந்து பார்த்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரை இஞ்சினோடு பிடித்திருந்த மூன்று போல்ட்டுகளும் முறிந்து, மோட்டார் சாய்ந்து கிடந்தது. தலைப் பக்கம் மூன்றும் வெளியே வந்துவிட்டன. முறிந்த அடித் துண்டுகள் மூன்றும் துளைக்குள்ளேயே இருந்தன.

மிஸ்திரி உளி வைத்துத் தட்டித் தட்டி இரண்டை வெளியே எடுத்துவிட்டார். மூன்றாவது அசையவில்லை. துளை போட்டு எடுக்கலாம் என்று பார்த்தால், ட்ரில் பிட்டும் முறிந்து அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டது. "இன்று ஆகாது" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கோ இன்றே ஆகவேண்டும். கல்யாணமாகி இரண்டு மாதம். என் மனைவி அன்று மாலை நாலு மணிக்கு மெட்ராஸ் ரயிலில் முதல்முறையாகப் பூனா வருகிறாள். அந்த லாரி பம்பாய்க்குக் கிளம்பினால்தான் உனக்கு லீவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"ரெண்டு போல்ட்டுக்குப் பழசு இருக்கு அண்ணாச்சி. ரெண்டு புதுசு குடுங்க, போதும்."

"ரெண்டு தரமாட்டேன்வே."

"ஏன்?"

"மூணு தாங்குன பாரத்தை ரெண்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒண்ணு எப்பமோ போயிருக்கும். அதான் மத்த ரெண்டும் சேந்து போயிருக்கு. உள்ள கெடக்குற துண்டு வெளிய வரட்டும். மூணையும் வாங்கிட்டுப் போம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அன்று ரயில் சத்தம்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

பழைய இரும்புக் குவியலில் அதே பருமனில் ஒரு போல்ட்டைத் தேடி எடுத்தேன். ரம்பத்தால் பாதி அறுத்தேன், மீதியைச் சுத்தியலால் முறித்தேன், கிரீஸும் மண்ணும் பூசினேன். மிஸ்திரி எடுத்த இரண்டு ஜோடிகளோடு இதையும் மூன்றாவது ஜோடியாகச் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தேன். அண்ணாச்சி பார்த்தார்.

"உள்ள கெடந்தது வந்துட்டா?"

"வந்துட்டுது அண்ணாச்சி."

பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. மூன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, லாரி நம்பர் எழுதிய சீட்டைக் கட்டினார். 'பழையது முழுமையாக வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று புது போல்ட்டுகளைக் கொடுத்தார். "வீட்டுக்காரி வாராளாமே. ஓடும்" என்றார்.

மிஸ்திரி இரண்டை மாட்டினார். மூன்றாவதை என் மேஜை இழுப்பறையில் போட்டேன். லாரி திரும்பி வந்ததும் துண்டை எடுத்து மாட்டிவிடலாம் என்று நானும் மிஸ்திரியும் பேசிக்கொண்டோம். தாவூத் பாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் "வாம்மா" என்றார். லாரி ஒரே உறுமலில் கிளம்பியது. நாலு மணிக்கு நான் ரயில் நிலையத்தில் இருந்தேன்.

மறுநாளே அண்ணாச்சி எங்கள் அறைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு மூட்டை புழுங்கலரிசி. பூனாவில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கோ சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். "மொழி தெரியாத ஊருக்கு வந்திருக்கா. சோறாவது தெரிஞ்சதா இருக்கட்டும்" என்றார். என் மனைவி காபி கொடுத்தாள். குடித்துவிட்டுக் காலி டம்ளரை நீட்டி, "பழசைக் கொண்டாந்துட்டேன், புதுசு தா தாயி" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பூனா வந்து அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. நான் அறைக்குள் வேறு ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விட்டேன்.

லாரி பம்பாயிலிருந்து வந்தது. வந்த அன்றே நாசிக் போனது. அங்கிருந்து வந்து கோலாப்பூர் போனது. எதை எங்கே அனுப்புவது என்று எழுதியது நான்தான். ஒரு நாள் நிறுத்திவைக்க என்னால் முடியும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தும் போனேன்.

மூன்றாவது வாரம், பம்பாயிலிருந்து வரும்போது, கண்டாலா மலையேற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றதால் தாவூத் பாயும் நிறுத்த வேண்டியதாயிற்று. இஞ்சின் அணைந்துவிட்டது. ஸ்டார்ட்டரை அழுத்தினார். இரண்டு போல்ட்டும் முறிந்து மோட்டார் தொங்கியது. பின்னால் வண்டிகள் நின்றதால் உருட்டிக் கிளப்பவும் வழியில்லை. கை பிரேக்கைப் போட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க அவரே இறங்கினார். பாரம் தாங்காமல் லாரி ஒரு முழம் பின்னால் வந்தது. சக்கரம் அவர் இடது காலில் ஏறி நின்றது.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் தப்பியது. கிளட்ச் மிதிக்கிற பலம் மட்டும் அதற்குத் திரும்பி வரவில்லை. பிறகு அவரை எங்கள் கேட்டிலேயே காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

மேனேஜர் விசாரணை வைத்தார். இழுத்து வந்த லாரியில் முறிந்த துண்டு இன்னும் துளைக்குள்ளேயே இருந்தது. 'முழுமையாக வந்தது' என்ற கையெழுத்தும் மேஜையில் இருந்தது. முழுமையாக வந்ததென்றால் உள்ளே இருப்பது என்ன என்று கேட்டார். மிஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணாச்சி தகர டப்பாவைத் திறந்தார். முதல் ஜோடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஒட்ட வைத்தார். இரண்டாவதையும் பார்த்தார். மூன்றாவதை வெகுநேரம் பார்த்தார். ரம்பத்தின் பல் தடம் பளபளவென்று தெரிந்திருக்கும், திருகு மரையும் வேறு மாதிரி. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். டப்பாவை மூடினார்.

"கல்தி மேரா, சாப்" என்றார். தப்பு என்னுடையது. அந்த இரண்டு வார்த்தைக்கு மேலும் அவருக்கு இந்தி தெரியும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டோர் ஜன்னலுக்கு வேறொருவர் வந்தார். பழசும் கேட்க மாட்டார், சீட்டும் கேட்க மாட்டார். யார்டே கொண்டாடியது. நான் மட்டும் ஒரு சோப்புத் துண்டுகூடக் கேட்டு அங்கே போகவில்லை.

அண்ணாச்சி ஊருக்குக் கிளம்பிய அன்று பூனா ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, அவ்வளவுதான் அவருடைய இருபது வருஷம். ரயில் கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அந்த மூணாவது போல்ட்டு... நான்தான் அண்ணாச்சி."

"தெரியும்வே."

"விசாரணையன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா உம்மை அனுப்பிருவான். அந்தப் புள்ளையைக் கூட்டிட்டு எங்க போவீரு?"

"நான் போய் மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"வேண்டாம். நான் சொன்னது பொய்யில்ல. ஊருல எல்லாவன் கொண்டாந்ததையும் கண்ணாடி வச்சுப் பாத்தேன். நீரு கொண்டாந்ததைப் பாக்கல. நம்ம புள்ளைதானேன்னு விட்டுட்டேன். அது என் தப்புத்தான." பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டு, "தாவூத் பாய்கிட்ட மட்டும் சொல்லிப்புடும். அந்தாளுக்குத் தெரியணும்" என்றார்.

வேண்டாம் என்று அவர் சொன்னதும் என் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. இவ்வளவு வருஷம் கழித்தும் வெட்கப்படுவது அந்த நிம்மதிக்காகத்தான்.

தாவூத் பாயிடம் சொல்ல எனக்கு இன்னும் மூன்று மாதம் பிடித்தது. கேட் அருகே ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் காலை மடக்கி ஊன்றிக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்த மேட்டுல நிறுத்தியே இருக்கமாட்டேன் தம்பி. பஸ்ஸுக்குத் தூரமாவே வந்திருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசினார், சிரித்தார், பண்டிகைக்குப் பிரியாணி அனுப்பினார். ஆனால் அந்த விஷயத்தை ஒருநாளும் எடுக்கவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து கார்டு வரும். எனக்கில்லை, என் மனைவி பெயருக்கு. புழுங்கலரிசி கிடைக்கிறதா, கடைக்காரியிடம் மராத்தி பேசப் பழகிவிட்டாயா, முதல் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார். கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் சாய்த்து, "தம்பியைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். ஏழெட்டு வருஷம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

அவள் கார்டை வாய்விட்டு முழுதும் படித்து முடிக்கிறவரை நான் ஒன்றும் கேட்காதவன்போல வாசலில் நிற்பேன். அந்த ஓரத்து வரி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.