ஒரு டிஷ், இரண்டு சாட்டிலைட், ஒரு காட்டுமாடு

நான் பிறவிக் கோழை. பல்லிக்குக்கூட வழிவிட்டு ஒதுங்குகிற ஆள். ஆனால் கொடைக்கானல் நாயுடுபுரத்தில், என் மாமியார் தெருவில் போய் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள். எல்லாம் அந்த டிஷ் பண்ணிய வேலை.

இரண்டாயிரங்களின் நடுவில், கல்யாணமான புதிது. மாமியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். அவருடைய தம்பி அங்கேயே தங்கிவிட்டார். அந்தத் தம்பியின் மகள் அன்று சாயந்திரம் இலங்கை டி.வி.யில் பாடப்போகிறாள் என்று போன் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தை மாமியார் பார்த்ததே இல்லை. மாமியார் வீட்டு டிஷ்ஷிலோ நம்மூர்ச் சேனல்கள்தான் வரும்.

"அதே டிஷ்ல இன்னொரு சாட்டிலைட்டையும் புடிச்சிரலாம் அத்தை. சின்னச் சோலி" என்றேன். (யார் என்னைக் கேட்டது?) மாமியார் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி, கடலையும் அவித்துவிட்டார்.

டிஷ்ஷுக்கு முன்னால் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சிக்னலை வாங்குவது. பக்கத்தில் இன்னொரு மூக்கைக் கட்டினால் இன்னொரு சாட்டிலைட் வரும். இலங்கைச் சேனலின் சாட்டிலைட் கிழக்கே இருக்கிறது என்றார்கள். நானும் கூரைமேல் ஏறி, கிழக்குப் பக்கமே கம்பியால் கட்டினேன். (கிழக்கே இருப்பதை டிஷ் மேற்கே திருப்பிவிடும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?)

"செல்வி, வருதா?"

"நோ சிக்னல்னே கெடக்குங்க" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மனைவி. "வெரசா பாருங்க, அம்மா அழுதுருவாக போலிருக்கு!"

மூடுபனி இறங்கியது. முதுகுக்குப் பின்னால் 'புஸ்' என்று ஒரு மூச்சு. திரும்பினேன். காட்டுமாடு! சரிவில் கட்டிய வீடு. தகரக் கூரையின் பின்விளிம்பு மேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த மேட்டில், என் மூஞ்சிக்கு நேராக அதன் மூஞ்சி. ஐயோ, அந்தக் கொம்பு! கால் நடுங்கித் தகரமே தடதடவென்று ஆடியது. சறுக்கிய வேகத்தில் நான் கட்டிய மூக்கைப் பிடித்தேன். கம்பி நழுவி, அது கையோடு மேற்குப் பக்கம் வந்துவிட்டது.

"வந்துருச்சு! எங்க தம்பி மக!" என்று உள்ளே மாமியார் அலறினார்.

"செல்வி... மாடு..."

"ஜன்னல்ல பாத்துட்டோம். அசையாம நில்லுங்க, ஒண்ணும் செய்யாது!"

"கையை மட்டும் எடுத்துறாதீங்க மாப்ளே! பாட்டு முடியட்டும்!" இது மாமியார்.

கை கொஞ்சம் நடுங்கினால் படம் போனது. உள்ளே தெருவே ஓலமிட்டது. காட்டுமாடு ஓர் அடி முன்னால் வைத்தது. செத்தேன் என்றே நினைத்தேன். பழனிக்கு மொட்டை, காவடி, பாதயாத்திரை என்று வாயில் வந்ததையெல்லாம் வேண்டிக்கொண்டேன். அந்தப் பிள்ளையோ பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடியது. வேறு எந்தப் பாட்டையும் நான் அப்படி வெறுத்ததில்லை.

பாட்டு முடிந்தது. மாடும் போனது. என் விரல்கள் மட்டும் திறக்கவில்லை. இரண்டு பேர் மேலே ஏறி வந்து பிரித்தெடுத்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே மாமியார் தெருவைக் கூட்டிச் சொன்னார்: "மாடு மூஞ்சிக்கு நேரா நிக்குது, எனக்காக எங்க மாப்ளே கையை எடுக்கலியே! உசுரையே குடுக்க நின்னாரு!"

பயத்தில் விறைத்துப்போனேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். பல் கிட்டித்திருந்ததால் வார்த்தை வரவில்லை. செல்வியிடம் மட்டும் பிறகு சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்றைக்கும் அந்தத் தெருவுக்குள் காட்டுமாடு வந்தால், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குத்தான் போன் போடுகிறார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆளான செல்விதான் கம்பை எடுத்து என் கையில் கொடுக்கிறாள்.