மூன்று லென்சும் ஒரு நாகேஸ்வரியும்

வட்டக்கச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய செல்வராசா அத்தானுக்கு, மயில்வாகனம் எழுதுவது. இங்கு நாங்களும் இரண்டு பசுக்களும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும் சுவிஸ் குளிரும் ஒத்துப்போக அம்மன் துணை.

உங்கள் மகன் அனோஜன் மூன்று லென்சோடு கொண்டுவந்து தந்த கமராவைக் கையில் வாங்கியபோது மெய்சிலிர்த்துவிட்டது. உள்ளே பிலிம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் லீவர் இழுக்க வேண்டும். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் முள்ளைப்போல ஒரு முள் காட்டுகிறது! நாகேஸ்வரி, புது உழவு இயந்திரத்துக்குச் செய்தது போலவே, கமராவையும் மூன்று லென்சையும் சாமிப்படத்தடியில் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். பிறகு நான் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் பொட்டுகளை மெல்ல ஒற்றியெடுத்தேன்.

"ஒரு லென்சை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அனோஜனிடம் கொடுத்துவிடு" என்று எழுதியிருந்தீர்கள். அதோடு என் நித்திரை போனது. நான் எடுக்க ஆசைப்பட்டது ஒரே ஒரு படம். எங்கள் கலியாண அல்பம் சண்டைக்கால இடம்பெயர்வில் எந்தப் பங்கர்க் குழிக்குள் போனதோ தெரியாது. முப்பத்தேழு வருடம் கூட வாழ்ந்த நாகேஸ்வரியின் முகம், அடையாள அட்டையில் முறைக்கிறதைத் தவிர, வீட்டில் இல்லை. அது எனக்குப் பெரிய குறை, அத்தான்.

கமராவின் சென்சர் பிலிமைவிடச் சின்னது, ஐம்பது மில்லிமீற்றர் லென்சைப் போட்டால் எழுபத்தைந்துபோல வேலை செய்யும் என்று எழுதியிருந்தீர்கள். லென்ஸ் இரண்டு ஏக்கருக்குத் தண்ணீர் விடுகிறது, நம்முடைய வயல் ஒரு ஏக்கர், ஓரத்தில் பாய்வது வீண் என்று விளங்கிக்கொண்டேன். முதலில் இருபத்தொன்று லென்சைப் போட்டேன். மாமரம், மாட்டுக்கொட்டில், வேலி எல்லாம் வந்தன. நாகேஸ்வரி கோழியளவில் நின்றாள். முப்பத்தைந்தில் அவளோடு அரைப் பசுவும் வந்தது. ஐம்பதைப் போட்டால் முகம் மட்டும். "சீலை முழுக்கத் தெரியோணும், பின்னுக்குப் போங்கோ" என்றாள். போனேன். இன்னும் போகச் சொன்னாள். போனேன், வாய்க்கால் வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் கமராவைத் தலைக்குமேல் தூக்கியபடி நிற்கிறேன், "கமராவுக்கு ஒண்டுமில்லையே?" என்றுதான் முதலில் கேட்டாள்.

அங்கிருந்தே பார்த்தேன். கண்வைக்கிற துவாரத்தில் இரண்டு நாகேஸ்வரி! ஒருத்தியையே சமாளிக்க முடியாதவன் நான். வளையத்தைத் திருகத் திருக இருவரும் நெருங்கி ஒருத்தியானார்கள். பொத்தானை அமத்தினேன். படத்தைப் பார்த்தால், அத்தான், தலையைச் சுற்றி ஒளி! விளக்கடியில் அம்மன் முகம் பார்த்ததுபோல. மற்ற லென்சுகளிலும் கொஞ்சம் இருந்தது, ஐம்பதில்தான் பூரணம். "இது நானோ?" என்றாள். "நீர்தான்" என்றேன். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என்ன மாதிரி மனிதர்கள் இப்படிக் கண்ணாடி வார்க்கிறார்கள்!

ஆகவே ஐம்பதை வைத்துக்கொண்டேன். வீட்டில் படமெடுக்கிற எவருக்கும் ஐம்பதையே சொல்லுங்கள். அக்காவின் முழங்கால் நோ குறைய நேர்த்தி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தான் நனைந்தும் கமராவை நனைக்காத மைத்துனன்,
மயில்வாகனம்.

பி.கு: மகள் மேனுகா வவுனியாக் கம்பசிலிருந்து இப்போதுதான் வந்தாள். லென்சை யன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, முழுக்கச் சந்தனமப்பா!" என்றாள். நான் ஒற்றியது பூசினதாகப் போய்விட்டது. இந்தக் கமராவில் லென்சுக்குள்ளால் பார்ப்பதில்லை, கண்துவாரம் வேறு. எனக்கு எப்படித் தெரியும்? அவள் துடைத்துவிட்டு எடுத்தாள். சுருக்கம், நரை, மூக்குத் தழும்பு எல்லாம் பளிச்சென்று வந்தன. நாகேஸ்வரி இரண்டையும் பார்த்துவிட்டு, "சந்தனத்தோட எடுத்ததைப் பிரேம் போடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். லென்ஸ் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடுங்கோ. மற்ற இரண்டோடும் அனோஜன் காலையிலேயே வெளிக்கிட்டுவிட்டான், அவற்றிலும் சந்தனம் இருக்கும். வந்தவுடன் துடைச்சுப்போடாதேங்கோ அத்தான். முதலில் அக்காவை ஒரு படம் எடுங்கோ.