கொடிக்காரர் கட்டிய கயிறு

வரிசையாகத் தொங்கிய முக்கோணக் கொடிகளில் ஒன்று மட்டும் கயிற்றின் மேல் மடங்கிக் கிடந்தது.

நீச்சல் குளத்துக்குக் குறுக்கே உயரக் கட்டியிருந்த கயிறு அது. மல்லாந்து நீந்துகிறவனுக்குச் சுவர் வருவது தெரியாது. தலைக்கு மேலே கொடி வந்தால் சுவருக்கு இன்னும் ஐந்து மீட்டர் என்று புரிந்துகொண்டு, கைவீச்சை எண்ணிப் போய்த் தொடுவான்.

அந்த ஒரு மடிப்பு, கயிறு கட்டும் வேலையிலிருந்த கொடிக்காரரின் கண்ணை உறுத்தியது. பல நாடுகள் கலந்துகொள்ளும் விளையாட்டுப் போட்டி. இன்று ஐந்தாம் நாள், கடைசி நாள். "உன் பேர்ல புகார் ஒண்ணும் வராம முடிஞ்சுதுன்னா வேலை நிரந்தரம்" என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆண்களுக்கான மல்லாந்து நீச்சலின் இறுதிப் போட்டிக்கு இருபது நிமிடம் இருந்தது.

நீளக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். கொடி நிமிரவில்லை. கயிறே கொக்கியிலிருந்து கழன்று தண்ணீரில் விழுந்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா தலையில் கை வைத்தாள். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டியே தம்பி!"

"நீங்க சும்மா இருங்கக்கா. ஒரு நிமிஷ வேலை."

கயிற்றை மாட்டி, விறைப்பாக நிற்கட்டுமென்று ஓர் இழுப்பு இழுத்தார். கம்பமே தரைக் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அதைத் தாங்கிய போல்ட் குழிக்குள் விழுந்து குறுக்கே சிக்கிக்கொண்டது. இனி அந்தக் குழியில் கம்பம் இறங்காது.

சுவரிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி வேறொரு குழி மூடி போட்டுக் கிடந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று மூடியைத் திறந்து அதில் நட்டார்.

"தம்பி, கயிறு கோணலா போகுதே!"

"அந்தப் பக்கக் கம்பத்தையும் ஒரு குழி தள்ளி நடுங்கக்கா! சீக்கிரம்!"

அக்கா துடைப்பானைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் நட்டு முடிக்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. எட்டு வீரர்களும் வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் கொடிக்காரருக்கு உறைத்தது. நான்கு நாளாகக் கம்பம் நின்ற இடம் வேறு, இது வேறு.

"போச்சு அக்கா. எட்டுப் பேரும் செவுரு வந்துடுச்சுன்னு ஒரு மீட்டர் முன்னாடியே வெறுந்தண்ணியத் தடவிட்டு நிக்கப் போறானுங்க."

"போய்ச் சொல்லிடேன்."

"என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கவா?"

போட்டி தொடங்கியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தபோதுதான் திறந்தார். எட்டுப் பேரும் அழகாகச் சுவரைத் தொட்டிருந்தார்கள். முதலில் வந்தவன் புதிய சாதனை படைத்திருந்தான். கொடிக்காரருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சற்று நேரத்தில் அளவு டேப்பும் நோட்டுமாக ஓர் அதிகாரி வந்தார். சாதனை என்றால் எல்லாவற்றையும் அளப்பார்கள்போலும். கொடிக்காரரின் உயிர் தொண்டைக்கு வந்தது.

அதிகாரி சுவரிலிருந்து கயிறு வரை அளந்தார். "சரியா அஞ்சு மீட்டர். இம்மி பிசகல. யாருங்க கட்டினது?"

போன உயிர் திரும்பி வந்தது. வந்ததோடு நிற்காமல் நெஞ்சையும் நிமிர்த்தியது.

"நான்தாங்க!"

"இன்னிக்கு மட்டுமா?"

அக்கா தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினாள். அவர் எங்கே பார்த்தார்?

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? முதல் நாள்லேருந்து நான் மட்டும்தான். வேற ஒருத்தரையும் கம்பத்துல கைவைக்க விட்டதில்ல. வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அதிகாரி நோட்டை நீட்டினார். கொடிக்காரர் அகலமாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க" என்றார் அதிகாரி. "நாலு நாளா செவுத்துல மோதி மண்டை வீங்கின பதினோரு பேரும், கயிறு கட்டினது யாருன்னுதான் கேட்டுக்கிட்டிருக்காங்க."